ஏழாம் நாள் வைத்த நாட்டுக்கோழி முட்டைகள்

வான்கோழி முட்டை பொரிய 28 நாள். நாட்டுக்கோழி முட்டைக்கு 21 நாள். இடையில் இருக்கும் இந்த ஏழு நாளைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எனக்குப் புரிய மூன்று வருடம் ஆயிற்று. அதற்குள் பதினொரு வான்கோழிக் குஞ்சுகளைக் கொல்லையில் புதைத்துவிட்டேன். அதனால்தான் மூன்றாவது முயற்சியைத் தேதி, அளவு, தப்பு எல்லாவற்றோடும் எழுதி வைக்கிறேன். வீட்டோடு கொஞ்சம் இடம் வைத்துக்கொண்டு நாலைந்து வான்கோழி வளர்க்க நினைப்பவர்களுக்கு உதவும்.

எங்களுக்கு நத்தம் பக்கம் வீட்டை ஒட்டி அறுபது சென்ட் நிலம். கிணறு, பத்துத் தென்னை, நாலு மா, இரண்டு கறவை மாடு. நாட்டுக்கோழிகள் நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே அத்தையின் பொறுப்பு. எந்தக் கோழி எந்தத் தேதியில் அடைக்கு உட்காரும் என்று அவருக்குக் காலண்டர் பார்க்காமல் தெரியும்.

முதல் வருடம் அத்தை சொன்னபடிதான் செய்தோம். "அவயத்துக்கு உக்காந்த கோழிக்கு எந்த முட்டைன்னு தெரியவா போகுது? வை" என்றார். பெரிய பெட்டையாகப் பார்த்து ஒன்பது வான்கோழி முட்டை வைத்தோம். வான்கோழி முட்டை எழுபது, எண்பது கிராம் இருக்கும். அதற்கு மேல் வைத்தால் நாட்டுக்கோழியின் இறக்கைக்குள் அடங்காது. ஏழு பொரித்தது. தாய்க்கோழி மண்ணைக் கிளறி, கொக் கொக் என்று கூப்பிட்டு, ஒவ்வொன்றையும் தின்ன வைத்தது. இரண்டு மாதம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. இவ்வளவு சுலபமா என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாவது வாரம் ஒரு குஞ்சு இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றது. எச்சம் மஞ்சள். கந்தகப் பொடியைக் கரைத்து ஊற்றியது போன்ற மஞ்சள். மறுநாள் செத்தது. மூன்றாவதும் விழுந்தபோது அதைப் பையில் போட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனேன். அறுத்துக் காட்டினார். கல்லீரல் முழுக்க வட்ட வட்டமாகக் குழிந்த தழும்புகள், காசை வைத்து அழுத்தியது போல. பெருங்குடல் தொடங்கும் இடத்தில் இருக்கும் இரட்டைப் பையில் பாலாடைக்கட்டி மாதிரி ஏதோ உறைந்து அடைத்திருந்தது. பிளாக்ஹெட், கருந்தலை நோய் என்றார். ஆனால் எங்கள் குஞ்சுகளில் ஒன்றுக்கும் தலை கறுக்கவில்லை. பெயரை நம்பித் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவோம். எச்சத்தின் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அவர் சொன்ன காரணம்தான் என்னை உறைய வைத்தது. நோயைக் கொண்டுவருவது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரணு உயிர். அது கோழியின் குடலில் இருக்கும் சின்னப் புழுவின் முட்டைக்குள் ஒளிந்துகொண்டு மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். மண்புழு அதைத் தின்றால் மண்புழுவுக்குள்ளும் இருக்கும். நாட்டுக்கோழி பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொண்டு எதுவும் நடக்காதது போல மேய்கிறது. வான்கோழியால் தாங்க முடியாது. அத்தை முப்பது வருடமாகக் கோழி மேய்த்த மண்ணில் நான் வான்கோழிக் குஞ்சுகளை விட்டிருந்தேன். அன்போடு கிளறிக் கிளறி ஊட்டிய தாய்க்கோழிதான் நோயையும் ஊட்டியிருக்கிறது. ஏழில் ஆறு போயிற்று.

சரி, கோழியே வேண்டாம் என்று அடுத்த வருடம் தெர்மாகோல் பெட்டியில் இன்குபேட்டர் செய்தேன். இருபது முட்டை வைத்ததில் எட்டுதான் பொரித்தன. அந்த எட்டில் ஐந்து, மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் செத்தன. தட்டு நிறையத் தீவனம் இருந்தது. தண்ணீர் இருந்தது. சூடு சரியாக இருந்தது. செத்த குஞ்சின் கழுத்தடிப் பையைத் தொட்டுப் பார்த்தேன், ஒட்டிக் கிடந்தது. ஒன்றின் பையில் நாலு உமி மட்டும். பட்டினியால் செத்திருக்கின்றன, தீவனத் தட்டின் மேலேயே நின்றுகொண்டு.

முட்டையிலிருந்து வரும்போது வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும். அதற்குள் தின்னப் பழகவில்லை என்றால் முடிந்தது. கோழிக் குஞ்சு பிறந்த அன்றே கண்டதையும் கொத்திப் பார்க்கும். வான்கோழிக் குஞ்சுக்கு அந்தத் துறுதுறுப்பு குறைவு. யாராவது காட்டிக் கொடுக்க வேண்டும். முதல் வருடம் அதைச் செய்தது தாய்க்கோழி.

ஆக, தின்னச் சொல்லிக் கொடுக்கக் கோழி வேண்டும். ஆனால் மண்ணை மிதித்த கோழி ஆகாது. இதை அத்தையிடம் சொல்லிப் புலம்பியபோது, மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே, "அப்ப மண்ணையே மிதிக்காத கோழியாப் பாரு" என்றார். மண்ணையே மிதிக்காத கோழி எது? மெஷினில் பொரித்து, அங்கேயே வளரும் குஞ்சுதான். அந்தப் புழு கோழி முட்டைக்குள் வராது, மண்ணிலிருந்து வாய் வழியாகத்தான் போகும். வான்கோழி முட்டை வைத்த ஏழாம் நாள் அதே பெட்டியில் நாட்டுக்கோழி முட்டையையும் வைத்தால் இரண்டும் ஒரே நாளில் பொரிக்கும். வாத்தியாரும் பிள்ளைகளும் சேர்ந்தே வகுப்புக்கு வந்துவிடுவார்கள்.

முதலில் பெட்டியைச் சரி செய்தேன். பழைய தெர்மாகோல் மீன் பெட்டி, உள்ளே 40 வாட் குண்டு பல்பு இரண்டு. ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது பெட்டியைக் கொஞ்சமாவது தாங்கும் என்பதால்தான் இரண்டு. பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய 12 வோல்ட் விசிறி, சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் டபிள்யூ 1209 தெர்மோஸ்டாட். விசிறி இருக்கும் பெட்டிக்கு 37.5 டிகிரி செல்சியஸ். உணரியை முட்டையின் மேல்மட்டத்துக்குச் சமமாகத் தொங்கவிட்டேன். தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வீட்டில் இருக்கும். இரண்டையும் ஒரே டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். தெர்மோஸ்டாட் 0.6 டிகிரி குறைவாகக் காட்டியது. அந்தக் கணக்கைக் கழித்துத்தான் செட் செய்தேன். சூடு கொஞ்சம் குறைந்தால் பொரிப்பு தள்ளிப் போகும், அவ்வளவுதான். கூடினால் கரு செத்துவிடும்.

ஈரப்பதம் காட்டும் கருவிதான் போன வருடம் என்னைக் கவிழ்த்தது. இதைச் சோதிக்க அடுப்படி உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறு போல ஆகும் அளவுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, கருவியோடு ஒரு ஜிப் கவருக்குள் வைத்து இறுக மூடி ஒரு ராத்திரி விட வேண்டும். காலையில் 75 காட்ட வேண்டும். என்னுடையது 63 காட்டியது! அதாவது போன வருடம் 55 என்று நினைத்து நான் வைத்திருந்தது 67. அத்தனை ஈரத்தில் முட்டைக்குள் இருக்கும் தண்ணீர் வற்றாது, காற்றறை பெரிதாகாது, முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே திணறிச் சாகும். பன்னிரண்டு முட்டை பொரிக்காமல் போனதில் பாதிக்கு மேல் முழுக் குஞ்சாகத்தான் இருந்தன. இருநூறு ரூபாய் கருவியை உப்பு வைத்துப் பார்க்காமல் விட்டதற்கு இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

முட்டை பக்கத்து ஊர்ப் பண்ணையில் வாங்கினேன். நந்தனம் வகை என்றார்கள். சென்னை நந்தனத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையத்தில், நம் ஊர்க் கறுப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை என்ற அமெரிக்க வகையையும் கலந்து உருவாக்கியது. அளவான உடம்பு என்பதால் சேவல் தானாகவே பெட்டையோடு சேரும், முட்டையில் கரு பிடிக்கும். ரொம்பக் கனமான வகைகளில் அது பெரும்பாடு. ஏழு நாளுக்கு மேல் பழசாகாத முட்டையாக 24 பொறுக்கினேன். கழுவவில்லை. கழுவினால் ஓட்டின் மேல் இருக்கும் பாதுகாப்புப் பூச்சு போய்விடும். அகலமான மண் தொட்டியில் ஈர மணல், அதன் மேல் ஒரு துணி, துணி மேல் கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளை அரை நாள் நிறுத்திவைத்து, மார்ச் 2-ஆம் தேதி சாயங்காலம் பெட்டிக்குள் வைத்தேன்.

ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். காலை ஆறு, மதியம் இரண்டு, ராத்திரி பத்து என்று மூன்று தடவை புரட்டினேன். ஒற்றைப்படையாகப் புரட்டினால் ஒவ்வொரு ராத்திரியும் முட்டை வேறு பக்கம் படுத்திருக்கும். ஈரப்பதம் 55. பங்குனி வெயிலுக்கு ஒரு கிண்ணத் தண்ணீர் போதவில்லை, இரண்டு வைத்தேன். கிண்ணத்தின் ஆழம் கணக்கே இல்லை, தண்ணீரின் மேல்பரப்புதான் கணக்கு. தட்டையான கிண்ணமாக வையுங்கள்.

ஐந்து முட்டைகளை மட்டும் அடையாளம் போட்டுச் சமையல் தராசில் எடை பார்த்தேன்: 385 கிராம். 25 நாளில் ஏறக்குறைய 12 சதவீதம் எடை குறைய வேண்டும். அப்படியானால் பத்தாம் நாள் 366-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 367 இருந்தது. ஈரப்பதம் சரியாக இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

மார்ச் 9, ஏழாம் நாள். அத்தை எட்டு நாட்டுக்கோழி முட்டைகளை முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்தார். வான்கோழி முட்டைகளின் புள்ளி புள்ளியான ஓடுகளுக்கு நடுவில் அவை சின்னதாக, வெளுப்பாக உட்கார்ந்தன. எல்லாம் சுத்தமான கூட்டில் விழுந்த அன்றன்றைய முட்டைகள். எச்சம் ஒட்டிய முட்டை ஒன்றைக்கூட உள்ளே விடவில்லை.

பத்தாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சின் மேல் அட்டைக் குழாயை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். புள்ளி ஓடு என்பதால் நாட்டுக்கோழி முட்டை அளவுக்குத் தெளிவாகத் தெரியாது. அதனால்தான் ஏழாம் நாள் பார்க்காமல் பத்தாம் நாள். சிலந்தி மாதிரி நரம்புகள் ஓடினால் உயிர். ஐந்து முட்டை வெறும் வெளிச்சமாக இருந்தன, கூமுட்டை. இரண்டில் நரம்பு இல்லாமல் சிவப்பு வளையம் மட்டும், ஆரம்பத்திலேயே செத்தவை. மீதி 17.

பதினெட்டாம் நாள் ராத்திரி கோடை இடி. கரண்ட் போய் மூன்றரை மணி நேரம் வரவில்லை. நாலு தண்ணீர் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, முட்டைகளைத் தொடாமல் ஓரங்களில் வைத்து, பெட்டியின் மேல் கம்பளி போர்த்தினேன். 33 டிகிரி வரை இறங்கியது. அந்த வயதில் கருவுக்கே கொஞ்சம் சூடு இருக்கும், தாங்கிக்கொண்டன.

மார்ச் 27. வான்கோழிக்கு 25-ஆம் நாள், நாட்டுக்கோழிக்கு 18-ஆம் நாள். இரண்டுக்குமே புரட்டலை நிறுத்த வேண்டிய நாள் இது. ஏழு நாள் கணக்கின் அழகு இதில்தான். அடியில் சாக்குத் துணி விரித்து, ஈரப்பதத்தை 70-க்கு ஏற்றி, மூடினேன். அதற்கு முன் ஒரு வான்கோழி முட்டை செத்திருப்பது தெரிந்து எடுத்துவிட்டேன். மீதி 16. இனி பெட்டியைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஈரம் ஓடிப்போய், ஓட்டின் உள்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

29-ஆம் தேதி காலையில் முட்டைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. மதியம் முதல் விரிசல். பிறகு பல மணி நேரம் ஒன்றும் நடக்காது. பார்த்துக்கொண்டிருப்பவருக்குத்தான் கஷ்டம். உள்ளே குஞ்சு ரத்த நாளங்களை வற்றவைத்து மஞ்சள் கருவை உள்ளிழுத்துக்கொண்டிருக்கும். உதவுகிறேன் என்று ஓட்டைப் பிய்த்தால் ரத்தம் வரும். அத்தை இரண்டு தடவை கையை நீட்டினார், இரண்டு தடவையும் தடுத்தேன். 30-ஆம் தேதி ராத்திரிக்குள் 14 வான்கோழி, 6 நாட்டுக்கோழி.

குஞ்சுகளைச் சூட்டில் வைத்து வளர்க்கும் ப்ரூடரைத் தரையில் வைக்கவில்லை. மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில், இடுப்பு உயரத்துக்குக் கால் கொடுத்த மூங்கில் பிளாச்சுத் தட்டு. மேலே தகரத் தகட்டை வட்டமாக வளைத்து நிறுத்தினேன். மூலை இருந்தால் அங்கே குவிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும். முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்தேன். முதல் ஐந்து நாள் உமி போடவில்லை, உமியைத்தான் தீவனம் என்று தின்னும். செய்தித்தாளும் வேண்டாம், வழுக்கிக் கால் விரிந்துவிடும். பழைய சாக்கு. அப்படியும் ஒன்றுக்குக் கால் அகன்றது. மருத்துவ பிளாஸ்திரியை எட்டு வடிவில் இரண்டு காலுக்கும் சேர்த்துக் கட்டி, மூன்றாம் நாள் அவிழ்த்தேன். நடந்தது.

இனி அந்த வகுப்பு. வேகவைத்த முட்டையை மஞ்சள் கருவோடு உதிர்த்து, தீவனத்தின் மேல் தூவி, முருங்கைக் கீரையைப் பொடியாக நறுக்கிப் போட்டேன். பத்துக் குஞ்சுக்கு ஒரு முட்டை, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மி.லி. பால், பதினைந்து நாளைக்கு. இது கால்நடைக் கையேடுகளில் இருக்கும் கணக்கு. நம் வெயிலில் பால் தண்ணீர் மூன்று மணி நேரத்தில் புளிக்கும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர்த் தட்டில் கலர் கோலிக்குண்டுகள் போட்டேன். பளபளப்பைப் பார்த்துக் கொத்த வரும், தவறி விழுந்தாலும் மூழ்காது.

நாட்டுக்கோழிக் குஞ்சு ஒன்று எழுந்து நின்ற கொஞ்ச நேரத்திலேயே மஞ்சள் கருத் துணுக்கைக் கொத்தியது. பக்கத்தில் நின்ற வான்கோழிக் குஞ்சு கழுத்தைச் சாய்த்து அதையே பார்த்தது. முதலில் அந்தக் கோழிக் குஞ்சின் கால் விரலைக் கொத்தியது. அப்புறம் அதன் அலகில் ஒட்டியிருந்த மஞ்சளை. கோழிக் குஞ்சு குனிந்து அடுத்த துணுக்கை எடுத்தபோது இதுவும் குனிந்தது. தவறவிட்டது. மறுபடி குனிந்தது. அந்தத் துணுக்கு உள்ளே போனதை நான் கண்ணால் பார்த்தேன். போன வருடம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து விரலால் தட்டித் தட்டிக் காட்டியும் வராதது அது. பக்கத்தில் நின்ற அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தினமும் ராத்திரி ஒவ்வொரு குஞ்சின் கழுத்தடிப் பையையும் தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று உருண்டையாக இருந்தால் தின்றிருக்கிறது. ஒன்று மட்டும் காலியாகவே இருந்தது. பால் தண்ணீரைச் சொட்டு சொட்டாக அலகில் வைத்துப் பார்த்தேன், நாலாம் நாள் போயிற்று. மீதி 13.

வான்கோழிக் குஞ்சுக்கு முதல் மாதம் 28 சதவீதம் புரதம் வேண்டும். கடையில் கிடைக்கும் பிராய்லர் குஞ்சுத் தீவனத்தில் 22 இருக்கும். அதில் மூன்று பங்கு, 45 சதவீதப் புரதமுள்ள சோயா பிண்ணாக்கு ஒரு பங்கு கலந்தால் கிட்டத்தட்ட 28 வந்துவிடும். பச்சை சோயாவை அரைத்துப் போடக் கூடாது, செரிக்காது. வைட்டமின் சொட்டு மருந்தும் தண்ணீரில் கலந்தேன்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தை முதல் வாரத்திலேயே போட்டோம். அம்மைத் தடுப்பூசி ஐந்தாவது வாரம். கோழிக்கு இறக்கைச் சவ்வில் குத்துவது வழக்கம். வான்கோழிக்குத் தொடையில் குத்தச் சொன்னார் மருத்துவர். வான்கோழி தூங்கும்போது தலையை இறக்கைக்குள் செருகிக்கொள்ளும், இறக்கையில் குத்தினால் மருந்து முகத்தில் பட்டு அங்கே அம்மை கிளம்பும்.

அதே வாரம்தான் வாத்தியார்களைப் பிரித்தேன். ஆறு நாட்டுக்கோழிக் குஞ்சுகளும் அத்தையின் கோழிகளோடு போயின. மண்ணில் கால் வைத்த பிறகு ஒன்றுகூடத் திரும்பி வரக் கூடாது. இரண்டு நாள் வான்கோழிகள் ஓயாமல் கத்தின. கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. வான்கோழிகளுக்கு நிலத்தின் கிழக்குக் கோடியில், கோழிகள் இதுவரை போகாத இடத்தில் வலை கட்டினோம். அங்கே போக எனக்குத் தனிச் செருப்பு, தனி விளக்குமாறு. மழை பெய்து மண்புழு வெளியே வரும் நாளில் அவற்றைத் தரையில் இறக்குவதில்லை, பிளாச்சுத் தட்டிலேயே நிற்கும். எட்டாவது வாரம் வந்தபோது தினமும் காலையில் முதல் வேலை எச்சத்தின் நிறம் பார்ப்பதுதான். பத்து, பன்னிரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் தென்படவில்லை.

ஒன்றைக் கீரி பிடித்தது, வலையின் அடியைப் புதைக்காமல் விட்டது என் தப்பு. இப்போது பன்னிரண்டு நிற்கின்றன, ஐந்து சேவல், ஏழு பெட்டை. சேவல்களின் மார்பில் குதிரைவால் முடி மாதிரி ஒரு கற்றை முளைத்திருக்கிறது.

கார்த்திகையில் ஒரு நாள் மதியம், சாம்பல் கழுத்துப் பெட்டை முதல் முட்டையிட்டது. மறுநாள் விட்டு இன்னொன்று. ஆரம்ப முட்டைகள் சின்னவை, சமையலுக்கு எடுத்துக்கொண்டோம். தை பிறந்ததிலிருந்து வருவதை எல்லாம் ஈர மணல் தொட்டியில் அடுக்குகிறேன். இன்றைக்குப் பதினாறு சேர்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டிக்குள் வைக்கப் போகிறேன். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு, அத்தை தன் கையெழுத்தில் "கோழி முட்டை 8" என்று எழுதி வைத்திருக்கிறார்.